வீட்டுச் சுவருக்கு நிறம் தேர்வதும் சிறு அலங்கார வேலைகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்கப் போகிறவர்கள் என்னிடம் கேட்கும் ஐயங்கள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிவந்த பதில்களை இங்கே ஒரே இடத்தில் தொகுத்திருக்கிறேன்; கேள்விகளைக் கேட்டவர்களின் சொற்களிலேயே விட்டிருக்கிறேன். எளியவற்றில் தொடங்கிச் சிக்கலானவற்றுக்குப் போகும் வரிசை இது. முன்னால் விளக்கியதைப் பின்னால் மறுபடி எழுதவில்லை என்பதால் மேலிருந்து வாசித்து வருவது நல்லது.

முதலில் சுவர் நிறத்தை முடிவு செய்துவிட்டு, அதற்கேற்ற சோபா, திரைச்சீலை எல்லாம் அப்புறம் வாங்கலாமா?

வரிசையை மாற்றிக்கொள்ளுங்கள். பெயிண்ட்டை ஆயிரக்கணக்கான நிறங்களில் கலந்து வாங்க முடியும். ஆனால் உங்களுக்குப் பிடித்த சோபாத் துணி நான்கைந்து நிறங்களில்தான் கிடைக்கும். குறைவாகக் கிடைப்பதை முதலில் தேர்ந்துகொண்டு, தாராளமாகக் கிடைப்பதைக் கடைசியில் அதனுடன் பொருத்துவதே எளிது.

அதற்கும் முன்னால், மாற்ற முடியாதவற்றைக் கணக்கில் எடுங்கள். தரை, ஜன்னல் சட்டம், கதவு மரம், சமையல் மேடைக் கல் ஆகியவை ஏற்கெனவே ஒரு நிறத்தில் இருக்கின்றன. தரை பழுப்பு கலந்த மஞ்சளாக இருந்தால் அந்த அறையில் பாதி முடிவு எடுக்கப்பட்டுவிட்டது என்று பொருள். சுவர் நிறம் அந்தத் தரையோடு நாள் முழுவதும் அருகருகே இருந்தாக வேண்டும்.

ஷேட் கார்டில் பார்த்த நிறம் சுவரில் அடித்ததும் வேறு மாதிரி இருக்கிறதே, கடையில் தப்பாகக் கலந்துவிட்டார்களா?

பெரும்பாலும் இல்லை. விரல் நீளத் துண்டில் பார்க்கும் நிறமும் நான்கு சுவர்களில் பரவிய நிறமும் கண்ணுக்கு ஒன்றாகத் தெரிவதில்லை. பரப்பு பெரிதாகும்போது நிறம் செறிவாகத் தெரியும். அதோடு, ஒரு சுவரில் பட்டுத் திரும்பும் ஒளி அந்தச் சுவரின் நிறத்தைச் சுமந்துகொண்டு எதிர்ச் சுவரில் விழுகிறது. அங்கிருந்து மீண்டும் திரும்புகிறது. ஒவ்வொரு முறையும் நிறம் கூடுகிறது. இதை நேரில் காண வேண்டுமென்றால், மென்மையான நிறமுள்ள ஒரு தாளைச் செங்கோணமாக மடித்து, மடிப்பின் உட்புறம் ஜன்னலை நோக்கும்படி பிடித்துப் பாருங்கள். மடிப்பை ஒட்டிய பகுதி, அதே தாளின் ஓரங்களைவிடச் செறிந்து தெரியும். உங்கள் அறையின் ஒவ்வொரு மூலையிலும் நடப்பது அதுவே.

ஈரத்தைப் பார்த்தும் முடிவு செய்யாதீர்கள். எமல்ஷன் எனப்படும் நீர் பெயிண்ட்டில் உள்ள பசை ஈரமாக இருக்கும்போது பால் போல வெளுத்திருக்கும், காய்ந்ததும் தெளிவாகிவிடும். ஆகவே காய்ந்த பெயிண்ட் பொதுவாகச் சற்று அடர்ந்தே தெரியும். கார்டில் பிடித்த நிறத்தைவிட ஒரு படி வெளிறியதையோ சாம்பல் கூடியதையோ எடுத்தால் சுவரில் நீங்கள் நினைத்தது வரும் என்பது பெரும்பாலான வீடுகளுக்குப் பொருந்துகிறது.

அப்படியானால் நிறத்தை எப்படித்தான் பார்த்துத் தேர்வது?

சின்ன மாதிரி டப்பா ஒன்றை வாங்கி, இரண்டு அடிக்கு இரண்டு அடி அளவுள்ள வெள்ளை அட்டையில் இரண்டு கோட் அடித்துக் காயவிடுங்கள். சுவரிலேயே திட்டாக அடித்துப் பார்ப்பதைவிட அட்டை மேலானது. சுவரில் உள்ள பழைய நிறம் புதிய நிறத்தைச் சுற்றி நின்று கண்ணைக் குழப்பும். அட்டையையோ எங்கும் எடுத்துச் செல்லலாம். அதை நிமிர்த்திச் சுவரோடு ஒட்டி வையுங்கள். சுவரில் ஒளி பக்கவாட்டில் விழுகிறது, மேசையில் மேலிருந்து விழுகிறது என்பதால் படுக்கவைத்துப் பார்க்கும் நிறம் ஏமாற்றும்.

அட்டையை ஜன்னலுக்கு எதிர்ச் சுவர், ஜன்னல் இருக்கும் சுவர், இருண்ட மூலை ஆகிய மூன்று இடங்களிலும் வைத்துக் காலை, நண்பகல், விளக்கு போட்ட இரவு என்று பாருங்கள். தரையோடும் சோபாத் துணியோடும் சேர்த்துப் பாருங்கள். மூன்று நிறங்களுக்கு மேல் ஒரே சமயத்தில் பார்க்க வேண்டாம். பத்து நிறங்களை வரிசையாக வைத்தால் அவற்றுக்குள் ஒப்பிடத்தான் கண் போகுமே தவிர, அறையோடு ஒப்பிடப் போகாது.

செல்போனில் சுவரைப் படம் எடுத்து நிறம் மாற்றிக் காட்டுகிறார்களே, அதை நம்பலாமா?

அடர் நிறமா வெளிர் நிறமா, எந்தச் சுவருக்கு என்பன போன்ற பெரிய முடிவுகளுக்கு அது உதவும். துல்லியமான நிறத்தை அதில் தேர முடியாது. வெள்ளை வெள்ளையாகத் தெரியும்படி கேமரா தானாகவே எல்லா நிறங்களையும் மாற்றிக்கொள்கிறது. திரை ஒளியை உமிழ்வது, சுவர் தன்மேல் விழும் ஒளியைத் திருப்புவது, இரண்டும் வேறு.

பகலில் அழகாக இருக்கும் சுவர் இரவில் விளக்கு போட்டால் அழுக்காகத் தெரிகிறது. ஏன்?

நிறம் பெயிண்ட்டில் மட்டும் இல்லை, அதன்மேல் விழும் ஒளியிலும் இருக்கிறது. பல்பு பெட்டியில் கெல்வின் என்ற அளவில் ஓர் எண் இருக்கும். 2700 முதல் 3000 வரை மஞ்சள் சாய்ந்த ஒளி, 4000 அளவில் நடுநிலை, 6500 நீலம் சாய்ந்த வெண்மை. 2700 பல்பின் கீழ் இளநீலச் சுவர் மங்கிச் சாம்பலாகும், பச்சை மஞ்சளுக்குச் சாயும். 6500 பல்பின் கீழ் இளம் பழுப்பும் பீச்சும் உயிரிழந்து தெரியும்.

பெட்டியிலேயே சிஆர்ஐ என்று இன்னோர் எண் உண்டு. நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்பதற்கான அளவு அது, உச்சம் 100. பழைய இழை பல்புகள் ஏறத்தாழ 100-ஐத் தொட்டன. சாதாரண எல்இடி பல்புகள் பல 80 அளவில் நின்றுவிடுகின்றன. 90-க்கு மேல் உள்ளதை வாங்குங்கள். அந்த எண் சில மாதிரி நிறங்களின் சராசரி; அதில் அடர் சிவப்பு சேர்க்கப்படுவதில்லை என்பதால், சிவப்போ தேக்கு நிற மரமோ அதிகமுள்ள அறையில் பல்பை ஒருமுறை எரியவிட்டுப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. திரைச்சீலையும் சுவரும் பகலில் ஒரே நிறமாகத் தெரிந்து, இரவில் பிரிந்துபோகலாம். இரண்டிலும் உள்ள நிறமிகள் வேறு என்பதால் ஓர் ஒளியில் பொருந்துவது மற்றோர் ஒளியில் பொருந்தாது. ஆகவே நிறத்தைத் தேரும் முன்பே எந்த பல்பு என்று முடிவு செய்து, அதை மாட்டிவிட்டு மாதிரி அட்டையைப் பாருங்கள். ஏற்கெனவே அடித்துவிட்டீர்கள் என்றால், மறுபடி பெயிண்ட் அடிக்கும் முன் பல்பை மாற்றிப் பாருங்கள். பாதிக் குறைகள் அதிலேயே தீர்ந்துவிடும்.

வெயிலே வராத அறைக்குப் பளிச்சென்று வெள்ளை அடித்தால் வெளிச்சமாகிவிடுமா?

பெயிண்ட் ஒளியை உண்டாக்குவதில்லை, வந்த ஒளியைத் திருப்புகிறது. எவ்வளவு திருப்பும் என்பதற்கு எல்ஆர்வி என்ற அளவைப் பல நிறுவனங்கள் ஷேட் கார்டின் பின்பக்கத்தில் அச்சிடுகின்றன. முழுக் கருமைக்கு 0, முழு வெண்மைக்கு 100. எல்ஆர்வி 85 உள்ள சுவர், 50 உள்ளதைவிட அறையைத் தெளிவாக்கும் என்பது உண்மையே. ஆனால் உள்ளே வரும் ஒளியே சொற்பமாக இருந்தால், திருப்புவதற்கு எதுவும் இல்லாமல் வெள்ளை சாம்பலாகத்தான் தெரியும். மூலைகளில் நீலமும் கலக்கும். நேரடி வெயில் விழாத அறைக்கு வரும் ஒளி பெரும்பாலும் வானத்திலிருந்து வருவது, அது நீலம் சாய்ந்தது.

அந்த அறைக்கு மஞ்சளோ இளஞ்சிவப்போ துளி கலந்த, எல்ஆர்வி 60 முதல் 75 வரையுள்ள நிறம் பெரும்பாலும் வெள்ளையைவிட வெளிச்சமான உணர்வைத் தரும். ஜன்னலுக்கு எதிரே ஒரு கண்ணாடியும், கூடுதலாக ஒரு விளக்கும் வைத்தால் பெயிண்ட்டால் முடியாததை அவை செய்யும்.

வெள்ளையிலேயே நூறு வகை காட்டுகிறார்கள். எல்லாம் ஒன்றுதானே?

ஒவ்வொரு வெள்ளைக்குள்ளும் மஞ்சளோ, பச்சையோ, இளஞ்சிவப்போ, சாம்பலோ ஒளிந்திருக்கிறது. தனியாகப் பார்த்தால் தெரியாது; நான்கு வெள்ளைகளை அருகருகே வைத்தால் உடனே வெளிப்படும். அச்சுத் தாளைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவது பலரின் வழக்கம். அந்தத் தாளில் வெண்மையூட்டும் வேதிப்பொருள் சேர்த்திருப்பார்கள். அது பகல் ஒளியில் உள்ள புற ஊதாக் கதிரை நீல ஒளியாக மாற்றும். அதன் பக்கத்தில் எந்த வெள்ளையும் மஞ்சளாகவே தெரியும். வெள்ளையை வெள்ளையோடு ஒப்பிடுவதே சரி.

தரையும் மரமும் மஞ்சள் சாய்ந்திருந்தால் மஞ்சள் சாய்ந்த வெள்ளையையும், தரை சாம்பலாக இருந்தால் சாம்பல் சாய்ந்த வெள்ளையையும் எடுங்கள். ஏற்கெனவே வெள்ளைத் தரை உள்ள வீட்டில், அதைவிடப் பளிச்சென்ற வெள்ளையைச் சுவருக்கு அடித்தால் தரை பழசாகத் தெரியும். இதை அடித்த பிறகு உணர்ந்து வருந்துபவர்கள் பலர்.

சாம்பல் நிறம் என்று பார்த்துப் பார்த்து எடுத்தேன். சுவரில் ஊதாவாகத் தெரிகிறது. என்ன காரணம்?

அருகில் மஞ்சள் சாய்ந்த மரமோ தரையோ இருக்கும். ஒரு நிறத்தின் பக்கத்தில் உள்ள சாம்பலைக் கண் அந்த நிறத்துக்கு எதிரான பக்கம் தள்ளிக் காண்கிறது: மஞ்சளின் அருகே நீல ஊதாவாக, சிவப்பின் அருகே பச்சையாக. பாரிஸின் கோபலென் நெசவாலையில் சாயப் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்த வேதியியலாளர் செவ்ரேல், கறுப்பு நூல் வெளுத்துத் தெரிகிறது என்ற புகாரை ஆராய்ந்தபோது, சாயத்தில் குறையில்லை, பக்கத்தில் நெய்த நீலமும் ஊதாவுமே காரணம் என்று கண்டார். அருகமை நிறங்களின் விதிகளை அவர் 1839-ல் விரிவாக வெளியிட்டார். உங்கள் கூடத்திலும் அதே விதிதான்.

மாற்று வழி, பழுப்போ பச்சையோ துளி கலந்த சாம்பல். ஆனால் தனியாகக் கார்டில் பார்க்காமல் அந்த மரத்தை ஒட்டியே அட்டையை வைத்துப் பாருங்கள். நல்ல சாம்பல், கெட்ட சாம்பல் என்று எதுவும் இல்லை. எதன் பக்கத்தில் இருக்கிறது என்பதே கேள்வி.

சின்ன அறைக்கு அடர் நிறம் கூடவே கூடாது என்கிறார்களே?

இந்த விதியை நான் ஏற்பதில்லை. அறையைச் சிறிதாகக் காட்டுவது அடர்த்தியைவிட, கண் அடிக்கடி தடைபடுவதே. சுவர் ஒரு நிறம், கதவு நிலை இன்னொரு நிறம், அலமாரிக் கதவு மூன்றாவது நிறம், சீலிங் ஓரத்தில் ஒரு கோடு என்று துண்டு துண்டாக இருந்தால் வெளிர் நிற அறையும் நெருக்கமாகவே தெரியும். சுவர், நிலை, அலமாரி எல்லாவற்றையும் ஒரே அடர் நீலத்திலோ கரும்பச்சையிலோ அடித்தால் மூலைகள் கண்ணுக்கு மறைந்து எல்லை தெரியாமல் போகும். இரவில் மட்டும் புழங்கும் படுக்கை அறைக்கும் வாசிப்பு அறைக்கும் இது மிகப் பொருத்தம். பகல் முழுவதும் வேலை செய்யும் அறைக்கு வேண்டாம். விளக்கு எரிந்துகொண்டே இருக்க வேண்டிவரும்.

சீலிங் தாழ்வாக இருந்தால், அதைப் பளிச்சென்ற வெள்ளையாக விடாமல் சுவர் நிறத்தையே மிகவும் வெளிறச் செய்து அடியுங்கள். சுவர் எங்கே முடிந்தது என்பதைக் காட்டும் கோடு மங்கினால் உயரம் கூடியதாகத் தோன்றும்.

ஒரு சுவருக்கு மட்டும் வேறு நிறம் அடிக்கலாமா?

அந்தச் சுவரில் கண் நிற்பதற்குக் காரணம் இருந்தால் அடிக்கலாம்: கட்டிலின் தலைமாட்டுச் சுவர், அறைக்குள் நுழைந்ததும் நேரே தெரியும் சுவர், மாடம் உள்ள சுவர். பெரிய ஜன்னல் உள்ள சுவரைத் தவிர்த்துவிடுங்கள். ஒளிக்கு எதிராகப் பார்ப்பதால் அங்கு எந்த நிறமும் இருண்டுதான் தெரியும்.

மேட், சாட்டின், கிளாஸ் என்கிறார்கள். எதை எங்கே அடிப்பது?

இவை பூச்சின் பளபளப்பு அளவுகள்: மேட்டில் மிகக் குறைவு, சாட்டினில் மிதம், கிளாஸில் மிகுதி. பளபளப்பு கூடக்கூடக் கழுவுவது எளிதாகும், சுவரின் மேடு பள்ளமும் கூடுதலாகத் தெரியும். இந்த ஒன்றை வைத்தே முடிவு செய்துவிடலாம். சீலிங்குக்கும், பட்டி வேலை (சுவரின் மேடு பள்ளத்தை நிரவும் பூச்சு) சரியாக அமையாத பழைய சுவருக்கும் மேட். குழந்தைகள் கை படும் கூடம், நடைவழி, சமையலறை ஆகியவற்றுக்குச் சாட்டின் போன்ற இடைநிலை. கதவு, நிலை, கிரில் ஆகியவற்றுக்குக் கிளாஸ் அல்லது செமி கிளாஸ். ஜன்னலிலிருந்து ஒளி உரசிச் செல்லும் நீளமான சுவரில் மட்டும் பளபளப்பைக் குறைத்தே அடியுங்கள். தேய்த்த தடம்கூட அங்கே தெரியும்.

எத்தனை லிட்டர் வாங்குவது என்று எப்படிக் கணக்கிடுவது?

நான்கு சுவர்களின் நீளத்தைக் கூட்டி உயரத்தால் பெருக்கி, கதவு, ஜன்னல் பரப்பைக் கழியுங்கள். 4 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரம் உள்ள அறைக்குச் சுற்றளவு 14 மீட்டர், சுவர்ப் பரப்பு 42 சதுர மீட்டர். ஒரு கதவுக்கும் ஒரு ஜன்னலுக்கும் சுமார் 3.5 போனால் 38.5, இரண்டு கோட்டுக்கு 77. பிரைமர் (பெயிண்ட்டுக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சு) அடித்த வழவழப்பான சுவரில் ஒரு லிட்டர் ஏறத்தாழ 10 சதுர மீட்டருக்கு வரும் என்று வைத்தால் 8 லிட்டர் தேவை. சொரசொரப்பான சுவர் கூடுதலாகக் குடிக்கும். டப்பாவில் அச்சிட்டுள்ள அளவு நல்ல நிலையில் உள்ள சுவருக்கானது.

ஒரே அறைக்கு வேண்டியதை ஒரே தடவையில் வாங்கி, எல்லா டப்பாக்களையும் பெரிய வாளியில் ஊற்றிக் கலந்துகொள்ளுங்கள். தனித்தனியாகக் கலந்த டப்பாக்களுக்கிடையே நூலிழை வேறுபாடு இருக்கும். சுவரின் நடுவில் டப்பா மாறினால் அது கோடாகத் தெரியும்.

பழைய பெயிண்ட் மேலேயே அடித்துவிடலாமா? பட்டி, பிரைமர் எல்லாம் கட்டாயமா?

பழைய பெயிண்ட் உறுதியாக ஒட்டியிருந்தால் அதன் மேலேயே அடிக்கலாம். ஒரு துண்டு ஒட்டுநாடாவை அழுத்தி ஒட்டிச் சட்டென்று இழுங்கள். பெயிண்ட் கூடவே வந்தால் சுரண்டியே ஆக வேண்டும். கையால் தடவும்போது மாவாக ஒட்டினால் அதைத் துடைத்தெடுத்து, பிரைமர் ஒரு கோட் அடித்த பிறகே மேற்கொண்டு போக வேண்டும். புதிதாகப் பட்டி பார்த்த இடத்துக்குப் பிரைமர் கட்டாயம். அடிக்காவிட்டால் பட்டி மட்டும் பெயிண்ட்டை உறிஞ்சி, அந்த இடம் மங்கலான திட்டாக நிற்கும்.

கதவிலும் நிலையிலும் பழையது எண்ணெய் பெயிண்ட்டா, நீர் பெயிண்ட்டா என்று அறிய, ஸ்பிரிட் (ஆல்கஹால்) நனைத்த பஞ்சால் தேய்த்துப் பாருங்கள். நீர் பெயிண்ட் இளகிப் பஞ்சில் ஒட்டும், எண்ணெய் பெயிண்ட் அசையாது. எண்ணெய் பெயிண்ட்டின் மேல் எமல்ஷனை நேரடியாக அடித்தால் உரிந்துவரும். 180 எண் உப்புத்தாளால் பளபளப்பு போகத் தேய்த்து, ஒட்டும் பிரைமர் அடித்துவிட்டுத் தொடருங்கள்.

பல பத்தாண்டுகள் பழைய வீடாக இருந்தால் ஓர் எச்சரிக்கை. அக்காலப் பெயிண்ட்டில் ஈயம் கலந்திருக்கலாம். அமெரிக்காவில் வீட்டுப் பெயிண்ட்டில் ஈயத்துக்குத் தடை வந்ததே 1978-ல்தான், பல நாடுகளில் அதற்கும் பின்னால். உலர்ந்த நிலையில் தேய்த்தால் எழும் தூசு குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். ஈயத்துக்கான சோதனை செய்த பிறகே கை வையுங்கள். ஈயம் இருப்பது உறுதியானால் அதற்குப் பயிற்சி பெற்றவர்களிடம் வேலையை விடுங்கள்; குழந்தைகளும் கர்ப்பிணிகளும் அந்த நாட்களில் வீட்டில் இருக்கக் கூடாது.

சுவரில் ஓதம் அடித்துப் பெயிண்ட் பொரிந்து உதிர்கிறது. ஓதம் தாங்கும் பெயிண்ட் அடித்தால் நின்றுவிடுமா?

நீர் வரும் வழியை அடைக்காமல் எந்தப் பெயிண்ட்டும் நிற்காது. நீர் சுவரில் உள்ள உப்புகளைக் கரைத்து வெளியே கொண்டுவருகிறது. நீர் ஆவியானதும் உப்பு படிகமாகி, பெயிண்ட்டைப் பின்னாலிருந்து தள்ளி உதிர்க்கிறது. வெள்ளையாகப் பூத்திருப்பது அந்த உப்புத்தான்.

நீர் எங்கிருந்து வருகிறது என்பதை ஓரளவு வீட்டிலேயே கண்டுபிடிக்கலாம். முழங்கை நீளச் சதுரமாக ஒரு பிளாஸ்டிக் தாளை வெட்டிச் சுவரில் வைத்து, நான்கு ஓரங்களையும் காற்று புகாதபடி டேப்பால் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். தாளின் உட்புறம் நீர் முத்துகள் இருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது: குழாய்க் கசிவு, வெளிச்சுவர் விரிசல், அடித்தளத்திலிருந்து ஏறும் நீர். வெளிப்புறம் நனைந்திருந்தால் அறைக் காற்றின் ஈரம் குளிர்ந்த சுவரில் படிகிறது. அதற்குத் தேவை காற்றோட்டம். பழுது பார்த்த பிறகு சுவர் முழுக்கக் காய வாரங்கள் ஆகும். காய்ந்ததை அதே பிளாஸ்டிக் தாளால் மீண்டும் உறுதி செய்துகொள்ளுங்கள்.

புது வீடு, பூச்சு வேலை முடிந்து பத்து நாளாகிறது. பெயிண்ட் அடிக்கலாமா?

பொறுங்கள். புதிய சிமெண்ட் பூச்சு கடும் காரத்தன்மை உடையது. காரஅமில அளவில் (pH) 12-ஐத் தாண்டும். எண்ணெய் பெயிண்ட் அதில் பட்டால் எண்ணெய் சோப்பாக மாறி உரியும். எமல்ஷன் நிறமிகளிலும் சில வெளுத்துவிடும். குறைந்தது 28 நாட்கள் விட்டு, மேலே சொன்ன பிளாஸ்டிக் தாள் சோதனையையும் செய்து, காரம் தாங்கும் பிரைமர் அடித்துத் தொடங்குங்கள்.

ரோலரால் அடித்தால் பட்டை பட்டையாகத் தெரிகிறது. கைத்திறன் இல்லையா?

கைத்திறனைவிட வேகமும் வரிசையுமே காரணம். பாதி காய்ந்த ஓரத்தின் மேல் புதிய பெயிண்ட் ஏறினால் அந்த இடத்தில் இரண்டு அடுக்காகிப் பட்டை விழும். ஒரு சுவரைத் தொடங்கினால் நடுவில் நிறுத்தாமல், ஓரம் ஈரமாக இருக்கும்போதே அடுத்த பகுதியைச் சேர்த்து முடியுங்கள். மூலைகளையும் சீலிங் ஓரத்தையும் பிரஷ்ஷால் அடிக்கும்போது நான்கு சுவர்களையும் சேர்த்து அடித்துவிடாமல், ஒரு சுவரின் ஓரத்தை அடித்தவுடனேயே அந்தச் சுவருக்கு ரோலர் போட வேண்டும். கடைசியாக எல்லா இழுப்பும் மேலிருந்து கீழ்நோக்கி, அழுத்தமின்றி இருக்கட்டும்.

வழவழப்பான சுவருக்கு 9 முதல் 12 மில்லிமீட்டர் இழை உள்ள ரோலர் போதும். சொரசொரப்பானதற்கு 18 வேண்டும். ரோலர் காய்ந்துகொண்டிருக்கும்போது அழுத்தித் தேய்ப்பதே பலர் செய்யும் தவறு. மறுபடி தோய்த்துக்கொள்ளுங்கள். சுட்டெரிக்கும் வெயில் படும் சுவரை வெயில் நகர்ந்த பிறகு அடியுங்கள். 10 டிகிரி செல்சியஸுக்குக் கீழே குளிரும்போது எமல்ஷனைத் தொடவே வேண்டாம், துகள்கள் ஒன்றோடொன்று சரியாக இணையாமல் பூச்சு பலவீனமாகும்.

சிவப்பை நான்கு கோட் அடித்தும் பழைய நிறம் தெரிகிறது. மட்டமான பெயிண்ட்டா?

விலை உயர்ந்த பெயிண்ட்டிலும் இது நடக்கும். வெளிர் நிறங்களில் மறைக்கும் வேலையைச் செய்வது டைட்டானியம் டை ஆக்சைடு என்ற வெள்ளை நிறமி. ஒளியை வலுவாகச் சிதறடிப்பதால் பின்னால் உள்ளதை அது மறைக்கிறது. பளிச்சென்ற சிவப்பிலும் மஞ்சளிலும் அதைச் சேர்த்தால் நிறம் வெளுத்துவிடும் என்பதால் சேர்க்க மாட்டார்கள். அங்குள்ள கரிம நிறமிகள் பலவும் ஒளியை ஊடுருவ விடுகின்றன. தீர்வு, அடியில் பிரைமரையே நிறம் சேர்த்து அடிப்பது: அடர் சிவப்புக்கு நடுச்சாம்பல், மஞ்சளுக்கு அதன் வெளிறிய சாயல். அதன்மேல் பெரும்பாலும் இரண்டு கோட்டில் மூடிவிடும்.

சுவரில் பட்டைக்கோடு போடலாம் என்று டேப் ஒட்டி அடித்தேன். டேப்பை எடுத்தால் ஓரமெல்லாம் கசிந்திருக்கிறது.

சிறு அலங்கார வேலைகளில் குறைந்த செலவில் நிறைந்த பலன் தருவது இதுதான். ஒரே ஒரு நுணுக்கம் தெரிந்தால் போதும். அடிநிறம் முழுதாகக் காய ஒன்றிரண்டு நாட்கள் விடுங்கள். ரசமட்டம் வைத்துப் பென்சிலால் கோடு போட்டு, மாஸ்கிங் டேப்பை ஒட்டி, அதன் ஓரத்தை ஒரு தேய்ந்த பிளாஸ்டிக் அட்டையால் அழுத்தித் தேயுங்கள். இப்போது, புதிய நிறத்துக்கு முன்னால், பழைய அடிநிறத்தையே டேப்பின் ஓரத்தில் மெல்லத் தடவிக் காயவிடுங்கள். டேப்புக்கு அடியில் உள்ள இடுக்குகளில் கசிய வேண்டியது அந்த நிறமாகவே கசிந்து அடைத்துக்கொள்ளும். அதன்மேல் அடிக்கும் புதிய நிறத்துக்கு நுழைய வழி இருக்காது. கடைசிக் கோட் இன்னும் முழுதாகக் காயாத நிலையிலேயே டேப்பைச் சாய்வாக, தன்மேலேயே மடக்கி மெதுவாக உரியுங்கள். காய்ந்த பிறகு இழுத்தால் பெயிண்ட் தோலும் கிழிந்து வரும்.

ஸ்டென்சிலுக்கும் (வடிவம் வெட்டிய அட்டையைச் சுவரில் வைத்து நிறம் ஏற்றுவது) இதே கவனம் வேண்டும். பிரஷ்ஷைத் தோய்த்த பின் தாளில் ஒற்றி ஏறத்தாழ உலர்ந்த நிலைக்குக் கொண்டுவந்து, இழுக்காமல் குத்திக் குத்தி எடுங்கள்.

பழைய மர அலமாரியை வீட்டிலேயே பெயிண்ட் அடித்துப் புதிதாக்க முடியுமா?

முடியும், ஆனால் உழைப்பில் முக்கால் பங்கு பெயிண்ட் தொடும் முன்பே இருக்கிறது. கைப்பிடிகளையும் கீல்களையும் கழற்றி, பிசுக்கைச் சோப்பு நீரால் கழுவிக் காயவைத்து, 180 எண் உப்புத்தாளால் தேய்த்து, தூசியை ஈரத் துணியால் துடையுங்கள். மரக்கணுக்களிலிருந்து பிசின் ஊறிப் பழுப்புக் கறையாக மேலே வரும். அவற்றின் மேல் அரக்குப் பிரைமர் தடவினால் நிற்கும். லேமினேட் ஒட்டிய அலமாரி என்றால் வழுக்கும் பரப்புக்கான ஒட்டும் பிரைமர் இல்லாமல் தொடங்காதீர்கள். இரண்டு மெல்லிய கோட்டுகள் ஒரு தடித்த கோட்டைவிட உழைக்கும். தொட்டால் ஒட்டாத நிலை சில மணி நேரத்தில் வந்தாலும், பூச்சு முழு வலுப்பெற இரண்டு முதல் நான்கு வாரங்கள் ஆகும். அதுவரை அலமாரியின் மேல் கனமான பொருளை வைக்காதீர்கள். சுவரைக் கழுவுவதற்கும் இதே கெடு பொருந்தும்.

படங்களை எந்த உயரத்தில் மாட்டுவது?

படத்தின் நடுப்புள்ளி தரையிலிருந்து 145 முதல் 150 சென்டிமீட்டரில் இருந்தால் நிற்பவர் கண்ணுக்கு இதமாக இருக்கும். சோபாவுக்கு மேலே என்றால் முதுகுச் சட்டத்திலிருந்து 15 முதல் 20 சென்டிமீட்டர் இடைவெளி போதும். அதற்கு மேல் ஏற்றினால் படம் சோபாவோடு உறவின்றித் தனியே மிதக்கும். பல படங்களை மாட்டும்போது, ஒவ்வொன்றின் அளவுக்கும் தாளை வெட்டி டேப்பால் ஒட்டிப் பார்த்து இடம் மாற்றிக்கொண்டு, அதன் பிறகு துளையிடுங்கள். சுவிட்சுக்கும் பிளக்குக்கும் நேர் மேலேயோ கீழேயோ பக்கவாட்டிலோ துளையிடக் கூடாது. மின்கம்பி அந்த வழியில்தான் ஓடும்.

திரைச்சீலை மாட்டினால் ஜன்னல் இன்னும் சின்னதாகத் தெரிகிறதே?

கம்பியை ஜன்னல் சட்டத்தை ஒட்டியே மாட்டியிருப்பீர்கள். சட்டத்துக்கு மேலே 10 முதல் 15 சென்டிமீட்டர் ஏற்றி, இருபுறமும் 20 சென்டிமீட்டர் நீட்டி மாட்டுங்கள். ஒதுக்கிய துணி சுவரின் மேல் நிற்கும், கண்ணாடி முழுதும் வெளிச்சத்துக்குக் கிடைக்கும். துணியின் அகலம் கம்பியின் நீளத்தைப்போல் இரண்டு மடங்காவது இருந்தால்தான் மூடிய பிறகும் மடிப்பு நிற்கும்.

சின்னக் கறையை மறைக்க மிச்ச பெயிண்ட்டைத் தொட்டு வைத்தேன். அந்த இடம் மட்டும் தனியாகத் தெரிகிறது. அதே டப்பாதானே?

டப்பா அதேதான், சுவர் அதே சுவர் இல்லை. வெயிலிலும் புகையிலும் கை பட்டும் சுவர் கொஞ்சம் மாறியிருக்கும். முதலில் ரோலரால் அடித்ததை இப்போது பிரஷ்ஷால் தொட்டால் பரப்பின் அமைப்பும் வேறாகி, ஒளி வேறு விதமாகத் திரும்பும். மேட் பூச்சில் இது குறைவு, சாட்டினில் கூடுதல். கிளாஸ் சுவரில் தொட்டு மறைக்க முயலவே வேண்டாம்.

மேட் சுவரில், முதலில் ஈரத் துணியால் கறையைத் துடைத்துப் பாருங்கள். போகாவிட்டால் சிறு ரோலரில் மிகக் குறைவாகப் பெயிண்ட் எடுத்து, கறையிலிருந்து வெளிநோக்கி மங்கச் செய்து அடியுங்கள். நீர்க்கறை, பேனா மைக் கறை என்றால் அதற்குரிய பிரைமரை முதலில் அடிக்காவிட்டால் எத்தனை கோட் போட்டாலும் கறை ஊறி மேலே வரும். இவற்றால் பலன் இல்லையென்றால் ஒரு மூலையிலிருந்து மறு மூலைவரை அந்தச் சுவரை மட்டும் முழுதாக அடித்துவிடலாம். மூலையில் ஒளி விழும் கோணமே மாறுவதால், இரண்டு சுவர்களுக்கும் இடையே உள்ள சிறு வேறுபாட்டைக் கண் பிடிக்காது.

அந்த மிச்ச பெயிண்ட்டை எப்படி வைப்பது? வேண்டாததை எங்கே கொட்டுவது?

பெரிய டப்பாவின் அடியில் கொஞ்சமாக விட்டால் உள்ளே உள்ள காற்றே அதை உலர்த்திவிடும். நிரம்பும் அளவுள்ள சிறு கண்ணாடிப் புட்டிக்கு மாற்றி இறுக மூடி, எந்த அறை, நிறக் குறியீடு, என்ன பூச்சு, அடித்த தேதி ஆகியவற்றை எழுதி ஒட்டுங்கள். எமல்ஷன் உறைந்தால் கெட்டுவிடும் என்பதால் கடுங்குளிரில் வெளியே வைக்காதீர்கள். துர்நாற்றம் அடித்தாலோ கலக்கியும் கட்டி கரையாவிட்டாலோ அதைச் சுவரில் அடிக்க வேண்டாம்.

சாக்கடையில் எதையும் ஊற்றாதீர்கள். மிச்ச எமல்ஷனில் மணலையோ மரத்தூளையோ கலந்து திறந்தவெளியில் காயவிட்டு, கெட்டியான பிறகு குப்பையில் சேர்க்கலாம். எண்ணெய் பெயிண்ட்டும் தின்னரும் அப்படியல்ல. அபாயக் கழிவு சேகரிக்கும் இடத்தில்தான் ஒப்படைக்க வேண்டும். ஆளிவிதை எண்ணெய் போன்றவை தோய்ந்த துணிகளைச் சுருட்டி மூலையில் எறிந்தால், எண்ணெய் காற்றோடு வினைபுரிந்து எழும் வெப்பம் வெளியேற வழியின்றித் தானாகவே தீப்பற்றும். அவற்றை ஒவ்வொன்றாக விரித்து வெளியே காயவையுங்கள், அல்லது நீர் நிரப்பிய உலோக டப்பாவில் மூழ்கவைத்து மூடுங்கள்.